குர்பானி மாடு சந்தையில் பிறப்பதில்லை!

துல்ஹஜ் பிறை தென்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே நம் ஊர்களில் பேச்சு தொடங்கிவிடும். இந்த ஆண்டு ஒரு பங்கு எவ்வளவு? மாடு எங்கிருந்து வருகிறது? வழியில் யாராவது வண்டியை மறிப்பார்களா? கூட்டுக் குர்பானிக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஜமாஅத் நிர்வாகிகள் இந்தக் கேள்விகளோடுதான் தூங்கப் போகிறார்கள்.

இவை நியாயமான கேள்விகள்தாம். ஆனால் இவை அனைத்தும் மாடு சந்தைக்கு வந்த பிறகு எழும் கேள்விகள். அந்த மாடு எந்தப் பொலிகாளைக்குப் பிறந்தது, கன்றாக இருந்தபோது சீம்பால் குடித்ததா, தடுப்பூசி போடப்பட்டதா, ஏன் விற்பனைக்கு வந்தது என்று நாம் கேட்பதில்லை. விலை உயர்வதும், நல்ல மாடு கிடைக்காமல் போவதும், நோயுற்ற மாடு நம் தலையில் கட்டப்படுவதும் அங்கேதான் தீர்மானிக்கப்படுகின்றன.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பசுவின் சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். எருமைக்குப் பத்து மாதத்துக்கும் மேல். பிறந்த கன்று குர்பானிக்குரிய இரண்டு வயதை நிறைவு செய்ய வேண்டும். ஆக, இன்று ஒரு விவசாயி தன் எருமைக்கு எந்த ஊசி போடுகிறார் என்பது, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து வரும் ஹஜ்ஜுப் பெருநாள் சந்தையைத் தீர்மானிக்கிறது.

காளைக் கன்றுகள் எங்கே போயின?

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பசு இன மாடுகள் 19 கோடிக்கு மேல். எருமைகள் ஏறத்தாழ 11 கோடி. இந்த மொத்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கும் ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். 2012இல் 6.8 கோடி அளவில் இருந்த காளைகளும் எருதுகளும் 2019இல் 4.7 கோடி அளவுக்குக் குறைந்துவிட்டன. ஏழே ஆண்டுகளில் 30 விழுக்காடு வீழ்ச்சி! அதே காலத்தில் பசுக்களின் எண்ணிக்கை 18 விழுக்காடு கூடியிருக்கிறது. எருமையில் நிலைமை இன்னும் மோசம். உயிரோடிருக்கும் எருமைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை பெண்.

அல்லாஹ்வின் படைப்பு நியதிப்படி ஆணும் பெண்ணும் ஏறத்தாழ சரிபாதியாகத்தான் பிறக்கின்றன. பிறந்த ஆண் கன்றுகள் எங்கே போயின? கால்நடை மருத்துவர்களும் விவசாயிகளும் அறிந்த பதில் இதுதான்: பல கன்றுகள் சில மாதங்கள்கூடத் தாண்டுவதில்லை. டிராக்டர் வந்தபின் ஏர் உழ எருது தேவையில்லை. பால் தராத கன்றுக்குப் பாலும் தீவனமும் கொடுப்பது நஷ்டம் என்று கருதப்படுகிறது. சீம்பால் குறைக்கப்படுகிறது. குடற்புழு மருந்து கொடுக்கப்படுவதில்லை. எருமைக் கன்றுகளுக்குத் தாய்ப்பால் வழியாகவே உருண்டைப் புழு தொற்றும். பிறந்து இரண்டாவது வாரத்தில் கொடுக்க வேண்டிய மலிவான மருந்தைக் கொடுக்காததால் கழிச்சல் கண்டு சாகும் கன்றுகள் ஏராளம்.

நாள்தோறும் பட்டினி போட்டு ஓர் உயிரைச் சாகவிடுவதை ஜீவகாருண்யம் பேசும் யாரும் தட்டிக் கேட்பதில்லை. கட்டிவைத்த விலங்குக்குத் தீனி கொடுக்காமல் விடுவதை நம் மார்க்கம் பெரும் குற்றமாகச் சொல்கிறது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை நம் பிள்ளைகள் மக்தபிலேயே படிக்கிறார்கள். அந்த எச்சரிக்கை காளைக் கன்றுக்கும் பொருந்தும்.

ஆண் கன்று வளர்ந்தால் காசு என்ற நிலை இருந்தால் எந்த விவசாயியும் அதைச் சாகவிடமாட்டார். புலிக்குளம் மாடு தென்மாவட்டங்களில் பிழைத்திருப்பதில் ஜல்லிக்கட்டுக்குப் பெரும் பங்குண்டு. அங்கே காளைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அதனால் அதை ஈன்ற பசுவும் காப்பாற்றப்படுகிறது.

உறைவிந்துக் குச்சியில் ஒரு கொள்கை

2014 டிசம்பரில் மத்திய அரசு ராஷ்ட்ரீய கோகுல் மிஷன் திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஒரு பகுதியாக இன்று வேகமாகப் பரவிவருவது பாலினம் பிரிக்கப்பட்ட உறைவிந்து. இதைப் பயன்படுத்தினால் பிறக்கும் கன்றுகளில் 90 விழுக்காடு வரை கிடேரியாகவே இருக்கும். நம் மாநிலத்தில் உதகையில் இதற்கான உற்பத்தி நிலையம் இருக்கிறது. 2024 அக்டோபரில் உள்நாட்டுத் தொழில்நுட்பமும் அறிமுகப்படுத்தப்பட்டது. இனி விலையும் குறையும்.

பால் விவசாயிக்கு இது நல்ல செய்தி. நாம் இதை எதிர்க்கவில்லை. பட்டினியால் சாகப்போகும் ஆண் கன்று பிறக்காமலே இருப்பது ஒரு வகையில் நல்லதும்கூட. ஆனால் இதன் மறுபக்கத்தை யாரும் பேசவில்லை. ஏற்கெனவே சுருங்கிவிட்ட ஆண் மாடுகளின் எண்ணிக்கை அடுத்த பத்தாண்டில் எங்கே போய் நிற்கும்? ஏழைகளின் மலிவான புரதமான மாட்டிறைச்சியின் விலை என்னவாகும்? ஏழு குடும்பங்கள் கூடி ஒரு மாடு கொடுக்கும் நடுத்தர வர்க்கத்தின் குர்பானி என்னவாகும்?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே தொழில்நுட்பம் வேறு விதமாகக் கையாளப்படுகிறது. மந்தையில் சிறந்த பசுக்களுக்கு மட்டும் கிடேரி ஊசி போட்டு அடுத்த தலைமுறைக் கறவையை எடுத்துக்கொள்கிறார்கள். மீதிப் பசுக்களுக்கு இறைச்சி இனக் காளையின் விந்தைச் செலுத்துகிறார்கள். அந்தக் கன்று நல்ல எடையில் வளர்ந்து நல்ல விலைக்குப் போகிறது. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு பொலிகாளைக்கும் அதன் கன்றுகளின் பிறப்பு எடை, வளர்ச்சி வேகம், ஈனும்போது சிரமம் இருக்குமா என்பதெல்லாம் மதிப்பெண்ணாகக் கிடைக்கும். பண்ணையாளர் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்.

இங்கே நமக்கு இருக்கும் ஆலோசனை எல்லாமே பாலை மையமாகக் கொண்டது. உலக எருமை இறைச்சி வணிகத்தில் முன்னணியில் நிற்கும் நாடு இது. 2023-24ஆம் நிதியாண்டில் மட்டும் 12 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி. மதிப்பு 370 கோடி டாலருக்கு மேல். அப்படியிருந்தும் இறைச்சிக்காக எருமைக் கன்று வளர்க்க விரும்பும் ஒரு விவசாயிக்கு எந்தக் காளை நல்லது, எந்த வயதில் எவ்வளவு எடை வர வேண்டும் என்று ஊரில் சொல்லித்தர ஆளில்லை. ஆண் எருமைக் கன்றுகளைக் காப்பாற்றி வளர்க்கும் திட்டம் ஒன்றை 11ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மத்திய அரசு கொண்டுவந்தது. அது வேரூன்றவில்லை.

நோய் என்னும் மறைமுக வரி

நம் ஏற்றுமதி இறைச்சி ஏன் எலும்பில்லாமல் மட்டுமே போகிறது தெரியுமா? காரணம் கோமாரி. வெட்டிய பிறகு தசையில் இயல்பாகவே அமிலத்தன்மை கூடும். அதில் கோமாரி வைரஸ் அழிந்துவிடும். ஆனால் எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர் முடிச்சுகளிலும் அது தங்கிவிடும். ஆகவே இரண்டையும் நீக்கிய இறைச்சியைத்தான் நோயுள்ள நாட்டிலிருந்து வாங்குவார்கள். நல்ல விலை தரும் பல நாடுகள் அதையும் வாங்குவதில்லை. இந்த இழப்பு படிப்படியாக இறங்கிக் கடைசியில் மாடு வளர்ப்பவரின் கைக்கு வரும் விலையைக் குறைக்கிறது.

2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கப்பட்ட தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு 12,652 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2030க்குள் கோமாரியை ஒழிப்பது இலக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி. காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை. கட்டணம் கிடையாது. ஆண், பெண் என்ற வேறுபாடும் கிடையாது. ஆனால் நடைமுறையில் முகாமுக்குக் கறவை மாடு மட்டும் வருகிறது. காளையும் கன்றும் வீட்டிலேயே நிற்கின்றன. ஊசி போட்டால் இரண்டு நாள் பால் குறையும் என்று கறவையையே மறைப்பவர்களும் உண்டு. தெருவில் ஒரு மாடு விடுபட்டாலும் நோய்க்கு அது ஒரு வாசல்.

லம்பி என்று சொல்லப்படும் தோல் கழலை நோய் 2019இல் ஒடிசாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2022இல் குஜராத், ராஜஸ்தான் வழியாகப் பரவி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. பிழைத்த மாட்டின் தோலிலும் தழும்பு நிற்கும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் தொழிலை நம்பியிருக்கும் நம் சமுதாயக் குடும்பங்களுக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவது, கன்று வீச்சு நோய். சினையின் கடைசி மாதங்களில் கன்று விழுந்துவிடும். நஞ்சுக்கொடி தங்கும். இது மனிதருக்கும் தொற்றும். காய்ச்சாத பால் குடிப்போர், விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுப்போர், அறுப்புத் தொழிலில் இருப்போர் ஆகியோருக்கு விட்டு விட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியுமாக மாதக்கணக்கில் தொல்லை தரும். நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் கிடேரிக் கன்றுக்கு ஒரே ஒரு ஊசி போட்டால் போதும். அந்த வயதைத் தவறவிட்டால் வாய்ப்புப் போய்விடும். காளைக்கு இந்த ஊசி போடுவதில்லை. ஆகவே ஊர்ப் பொதுக் காளையைப் பரிசோதிக்காமல் பசுக்களோடு சேர்க்கக் கூடாது.

நோயுற்ற கால்நடையை நலமுள்ள கால்நடைகளோடு கலக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். பெருநாளுக்கு முன் பல மாவட்டத்து மாடுகளைச் சந்தையில் கலந்து, ஒரே லாரியில் ஏற்றி, பள்ளிவாசல் பக்கத்துக் கொட்டகையில் ஒன்றாகக் கட்டும்போது இந்த வழிகாட்டுதலை நாம் நினைத்துப் பார்க்கிறோமா? இஸ்லாமிய ஆட்சிகளில் சந்தையைக் கண்காணித்த முஹ்தஸிபின் கடமைகளில் கால்நடை வைத்தியர்களை மேற்பார்வையிடுவதும் ஒன்று. ஹிஸ்பா நூல்களில் அதற்கென்றே தனி அத்தியாயம் உண்டு.

சட்டமும் ஃபிக்ஹும் சந்திக்கும் குறுகிய சந்து

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் சிக்கலானது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, மாட்டையோ எருமையையோ அறுக்க வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் தகுதியற்றதாக இருக்க வேண்டும். அல்லது காயம், ஊனம், தீராத நோய் ஆகியவற்றால் நிரந்தரமாகத் தகுதியிழந்திருக்க வேண்டும். பசுவையும் கிடேரியையும் அறுக்க 1976ஆம் ஆண்டின் அரசாணை தடை விதிக்கிறது.

இப்போது ஃபிக்ஹைப் பார்ப்போம். தெளிவாகத் தெரியும் நோயுள்ளது, தெளிவாக நொண்டுவது, கண் பார்வை போனது, எலும்பில் சதையின்றி மெலிந்தது ஆகியவை குர்பானிக்குக் கூடாது. சட்டத்தின் இரண்டாவது வாசல் பெரும்பாலும் மார்க்கம் விலக்கிய பிராணிகளுக்கான வாசல். மிஞ்சுவது முதல் வாசல் மட்டுமே: வயதானது, ஆனால் நலமானது, சதைப்பிடிப்புள்ளது. அப்படிப்பட்ட மாடு தானாகக் கிடைக்காது. முதுமையிலும் தீவனமும் மருத்துவமும் கொடுத்துப் பராமரித்தால்தான் கிடைக்கும்.

இச்சட்டம் எருதுகளை நம்பி நாடு உழுத காலத்தில் எழுதப்பட்டது. இறைச்சிக்காகவே வளர்க்கப்படும் இளம் ஆண் எருமை என்ற ஒரு பிரிவே அதற்குத் தெரியாது. உத்தரப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் பசு இன மாடுகளுக்குக் கடுமையான தடை இருந்தாலும் எருமைக்கு அந்தத் தடை இல்லை. நாட்டின் எருமை ஏற்றுமதியில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. தமிழ்நாட்டிலோ 2012இல் 7.8 லட்சமாக இருந்த எருமைகள் 2019இல் 5.2 லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டன. பாதுகாப்புச் சட்டம் எருமையைப் பாதுகாக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. வளர்த்தால் விற்க வழியில்லாத ஒன்றை எந்த ஏழையும் வளர்க்கமாட்டார்.

2017 மே மாதம் மத்திய அரசு சந்தைகளில் அறுப்புக்காக மாடு விற்பதைத் தடுத்து விதிகள் கொண்டுவந்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான் முதலில் இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுவதுக்கும் விரித்தது. அறிவோடும் ஆதாரத்தோடும் அணுகினால் நீதிக்கு இன்னும் இடமிருக்கிறது என்பதற்காகவே இதை நினைவூட்டுகிறோம்.

நம்மால் என்ன செய்ய முடியும்?

சமுதாயமாக நாம் மாட்டுச் சந்தையின் பெரிய வாடிக்கையாளர்கள். வாடிக்கையாளர் எதைக் கேட்கிறாரோ அதைத்தான் சந்தை கொண்டுவரும்.

1. காது வில்லையும் ஊசிப் பதிவும் கேளுங்கள். வில்லை எண்ணை வைத்துக் கால்நடை மருத்துவர் அதன் தடுப்பூசி விவரத்தைப் பார்க்க முடியும். பதிவுள்ள மாட்டுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்க ஜமாஅத்துகள் முன்வந்தால், அடுத்த முகாமுக்கு எருதும் கன்றும் தாமாகவே வந்துசேரும்.

2. சினைப் பரிசோதனை கட்டாயம். எருமையை மலடு என்று சொல்லி விற்பார்கள். பார்த்தால் சினையாக இருக்கும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி சினையுள்ளது குர்பானிக்கு நிறைவேறாது. ஹனஃபி மத்ஹபில் ஈனும் தறுவாயில் உள்ளதை அறுப்பது மக்ரூஹ். விற்பவருக்கும் இது நன்மை. மலடு என்று ஒதுக்கப்படும் பல மாடுகளின் குறை வெறும் தாது உப்புக் குறைவோ குடற்புழுவோதான். அதைச் சரிசெய்தால் சினை பிடிக்கும். அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டியதில்லை.

3. முன்கூட்டியே பேசி வையுங்கள். பெருநாளுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே பக்கத்துக் கிராம விவசாயிகளிடம் முன்பணம் கொடுத்து, குடற்புழு நீக்கம் செய்து, தீவனம் கொடுத்து உடல் தேற்றச் சொல்லலாம். கடைசி வாரத் தரகுச் செலவே இதற்குப் போதும்.

4. மருந்து கொடுத்த மாட்டை அவசரமாக வாங்காதீர்கள். ஊசி போட்ட பிறகு மருந்து உடலைவிட்டு நீங்கச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் ஆகும். அசுத்தம் தின்ற பிராணியைக் கட்டிவைத்துத் தூய தீனி கொடுத்த பிறகே உண்ணச் சொன்ன ஃபிக்ஹுச் சட்டத்தின் நோக்கமும் இதுதான். ஹலாலோடு தய்யிபும் சேர வேண்டும்.

5. வந்த மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். வீட்டு மந்தையோடு சேர்க்கும் முன் மூன்று வாரம் விலக்கி வைப்பது கால்நடை மருத்துவத்தின் அடிப்படை விதி. இடமில்லாத ஜமாஅத்துகள் குறைந்தபட்சம் உள்ளூர் மாடுகளிடமிருந்தாவது தூரமாகக் கட்ட வேண்டும்.

6. எடை போட்டு விலை பேசுங்கள். தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து முடிவுசெய்யும் விலையில் வளர்த்தவரும் ஏமாறுகிறார், வாங்குபவரும் ஏமாறுகிறார்.

கிராமங்களில் மாடு வளர்க்கும் நம் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கன்று பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சீம்பால் கொடுங்கள், அது ஆணாக இருந்தாலும். சிறிய கிடேரிக்குப் பெரிய இனக் காளையின் ஊசி போட்டால் ஈனும்போது தாயும் கன்றும் ஆபத்தில் சிக்கும். மருத்துவரிடம் கேட்டு இனத்தைத் தேர்ந்தெடுங்கள். ஊர்க் காளையை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். தன் மகளோடு சேரும் காளையால் கன்றுகள் நலிந்து போகும். எந்தத் தேதியில் ஊசி போட்டோம், எந்தக் காளை என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

சமுதாய இயக்கங்களுக்கும் அரசியல் தலைவர்களுக்கும் நமது கோரிக்கை ஒன்றுண்டு. ஆண்டுதோறும் பெருநாள் நேரத்தில் மட்டும் பாதுகாப்புக் கேட்டு மனுக் கொடுப்பதோடு நிற்காதீர்கள். இறைச்சிக்கான ஆண் எருமை வளர்ப்பைச் சட்டபூர்வமாக்க 1958ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தச் சொல்லுங்கள். கால்நடைப் பல்கலைக்கழகத்திடம் எருமைக் கன்று வளர்ப்புப் பயிற்சி கேளுங்கள். இதைக் குர்பானிப் பிரச்சினையாக மட்டும் எடுத்துச் செல்லாமல், எல்லா மதத்தையும் சேர்ந்த மாடு வளர்ப்போரின் வாழ்வாதாரப் பிரச்சினையாக எடுத்துச் செல்லுங்கள். உண்மையும் அதுதான். சட்டம் திருத்தப்படும்வரை இருக்கும் சட்டத்துக்கு உட்பட்டே நம் வணக்கத்தை நிறைவேற்றுவோம். சான்றிதழ் இல்லாத ஒரு மாட்டால் ஒரு ஊரின் நிம்மதியே குலைந்துபோகும்.

குர்ஆனின் மிக நீண்ட அத்தியாயம் பசுவின் பெயரால் அமைந்தது. ஆறாவது அத்தியாயத்தின் பெயரே கால்நடைகள். அந்நஹ்ல் அத்தியாயத்தில் கால்நடைகளின் பயன்களை எண்ணிச் சொல்லும் இறைவன், காலையில் அவை மேய்ச்சலுக்குப் போவதிலும் மாலையில் திரும்புவதிலும் உள்ள அழகையும் அருட்கொடையாகச் சேர்த்தே சொல்கிறான். அந்த அழகு நலமான மந்தைக்கே உண்டு. பிராணியை அறுக்கும் நேரத்தில்கூட அழகிய முறையைக் கடைப்பிடிக்கச் சொன்ன மார்க்கம், அது உயிரோடு இருக்கும் ஆண்டுகளில் நம்மை எவ்வளவு பொறுப்போடு நடக்கச் சொல்லும்!

நம் குர்பானிகளை ஏற்றுக்கொண்டு, வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் அவனை அஞ்சி நடப்போராக நம்மை ஆக்கி, அவற்றை வளர்க்கும் ஏழை விவசாயிகளின் வாழ்வில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.